சதுரங்கப் பலகையும் வரலாற்றின் தடமும்: 'ஆன் பாசான்' விதியும் நகர்வுக் குறியீடும் பற்றிய ஒரு நோக்கு

1. உவமையும் வினாவும்

ஆய்வுலகிலே உவமைகளுக்கு இருவேறு பயன்கள் உள. அருவமான ஒரு கருத்தைத் தெளிவுபடுத்துவது ஒன்று. அக்கருத்தினுள் அடங்கிய இடர்ப்பாட்டை மறைத்துவிடுவது மற்றொன்று. நவீன மொழியியலின் தோற்றுநருள் ஒருவராகக் கொள்ளப்படும் பேர்டினன்ட் டி சசூர் கையாண்ட சதுரங்க உவமை இவ்விரு பயன்களையும் ஒருங்கே உடையது. ஜெனிவாப் பல்கலைக்கழகத்தில் அவர் நிகழ்த்திய விரிவுரைகளை, மாணவர் எழுதிவைத்த குறிப்புகளின் துணைகொண்டு சக அறிஞர் தொகுத்து, அவர் மறைந்து மூன்றாண்டுகளின் பின்னர் 1916இல் நூலாக வெளியிட்டனர். அந்நூலிலே மொழி சதுரங்க ஆட்டத்துக்கு ஒப்பிடப்படுகின்றது. ஒவ்வொரு காயின் பெறுமதியும் பலகையிலுள்ள ஏனைய காய்களுடன் அது கொண்டுள்ள உறவினாலேயே தீர்மானிக்கப்படுகின்றது. மொழிக்கூறுகளும் அத்தகையனவே என்பது உவமையின் முதற்பகுதி. இது தெளிவுபடுத்தும் பகுதி.

அடுத்த பகுதியே நமது கவனத்துக்குரியது. பலகையில் ஒரு கணத்திற் காணப்படும் நிலை, அதற்கு முந்திய நிலைகள் யாவற்றினின்றும் விடுபட்டது என்றும், எவ்வழியால் அந்நிலை எய்தப்பெற்றது என்பது பொருட்டன்று என்றும் சசூர் கொள்கின்றார். ஆட்டத்தைத் தொடக்கம் முதல் கவனித்து வந்தவருக்கு, இடையில் வந்து பலகையைப் பார்ப்பவரை விட எவ்வித அனுகூலமும் இல்லை என்பது இதன் முடிபு. ஒருகால நிலையை அதன் வரலாற்றினின்றும் பிரித்து ஆராயலாம் என்ற அவரது முறையியலுக்கு இவ்வுவமை துணை நிற்கின்றது.

மொழியியலோடு இது நின்றுவிடவில்லை. அமைப்பியல் என்ற பெயரிலே மானிடவியலுக்கும் இலக்கிய விமர்சனத்துக்கும் இந்நோக்குப் பரவியது. இலக்கியப் படைப்பு தன்னளவில் நிறைவுற்றது. அதன் உட்கூறுகளின் உறவை ஆராய்ந்தாற் போதும். அது தோன்றிய காலமும் சமூகமும் புறம்பானவை என்போரின் மனத்திலே இத்தகைய ஒரு சதுரங்கப் பலகை இருக்கின்றது எனலாம். ஆகவே, மெய்யான சதுரங்கப் பலகை அவ்வாறுதான் இயங்குகின்றதா என்று கேட்பது வீண் வினாவாகாது. காலாள் தொடர்பான 'ஆன் பாசான்' என்னும் தனிச்சிறப்பான வெட்டு விதியையும், நகர்வுகளை எழுதிவைக்கும் குறியீட்டு முறையையும் விளக்கி, அவற்றின் ஒளியில் இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. விதி கூறுவது யாது?

விளக்கத்தின் பொருட்டு முதலிற் கட்டங்களுக்குப் பெயரிட்டுக்கொள்வோம். வெள்ளைக் காய்களுடன் ஆடுபவரின் இடமிருந்து வலமாக எட்டு நிரல்களும் ஏ, பி, சி, டி, ஈ, எவ், ஜி, எச் எனப்படும். அவரிடமிருந்து எதிராளியை நோக்கிச் செல்லும் எட்டு நிரைகளும் 1 முதல் 8 வரை எண் பெறும். ஈ நிரலும் ஐந்தாம் நிரையும் சந்திக்கும் கட்டம் ஈ5 ஆகும்.

சதுரங்கக் காய்களுள் நகரும் திசையும் வெட்டும் திசையும் வேறுபட்டிருப்பது காலாளுக்கு மாத்திரமே. அது நேர் முன்னே நகரும். முன்புறத்தில் மூலைவிட்டமாக வெட்டும். பின்வாங்கும் உரிமை அதற்கில்லை. பொதுவாக ஒரு கட்டமே செல்லும் எனினும், தொடக்கக் கட்டத்திலிருந்து புறப்படுகையில், வழி வெறுமையாயின், விரும்பினால் ஒரே நகர்வில் இரு கட்டம் செல்லலாம். எதிர்க்கரையை அடைந்ததும் அரசி, கோட்டை, மந்திரி, குதிரை ஆகியவற்றுள் ஒன்றாக மாறும்.

இப்பொழுது வெள்ளைக் காலாள் ஒன்று ஈ5இல் நிற்கின்றது எனவும், கறுப்புக் காலாள் ஒன்று தன் தொடக்கக் கட்டமாகிய டி7இல் நிற்கின்றது எனவும் கொள்வோம். கறுப்புக் காலாள் ஒரு கட்டம் முன்வந்து டி6ஐ அடையின், ஈ5இலுள்ள வெள்ளைக் காலாள் அதனை மூலைவிட்டமாக வெட்டலாம். ஆனால் அது இரு கட்டம் பாய்ந்து டி5இல் வந்து நின்றால், வெள்ளைக் காலாளின் பக்கத்திலே நிற்கும். பக்கவாட்டில் வெட்டும் ஆற்றல் காலாளுக்கில்லை. இவ்வாறு, வெட்டுக்குள்ளாகக்கூடிய டி6ஐ அது தீங்கின்றிக் கடந்துவிடும்.

இக்கடத்தலையே ஆன் பாசான் விதி தடுக்கின்றது. 'கடந்து செல்கையில்' என்பது இப்பிரெஞ்சுத் தொடரின் பொருள். டி7இலிருந்து டி5க்குப் பாய்ந்த காலாளை, அது டி6 வரை மாத்திரமே வந்தது போலக் கொண்டு வெள்ளைக் காலாள் வெட்டலாம். வெட்டிய காலாள் டி6இற் சென்று நிற்கும். வெட்டுண்ட காலாள் டி5இலிருந்து அகற்றப்படும். வெட்டும் காய், வெட்டுண்ட காய் நின்ற கட்டத்தில் அமராத வெட்டு சதுரங்கத்தில் இது ஒன்றே.

இதற்கு மூன்று நிபந்தனைகள் உள. வெட்டும் காலாள் தன் பக்கத்திலிருந்து எண்ண ஐந்தாம் நிரையில் நிற்றல் வேண்டும். எதிரிக் காலாள் அடுத்துள்ள நிரலில், தொடக்கக் கட்டத்திலிருந்து ஒரே நகர்வில் இரு கட்டம் வந்திருத்தல் வேண்டும். அந்நகர்வுக்கு உடனடியாக அடுத்த நகர்விலேயே வெட்டுதல் வேண்டும். அத்தருணம் தவறின் உரிமையும் அற்றுப்போம். வெட்டுவது பொதுவாக ஆடுபவரின் விருப்பம். செய்யத்தக்க வேறு நகர்வு எதுவும் இல்லாவிடத்து மாத்திரம் அது கட்டாயமாகும்.

விதியின் உயிர்நிலை 'போல' என்னும் சொல்லிலே தங்கியுள்ளமை கவனிக்கத்தக்கது. நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாகக் கொண்டு உரிமை வழங்கும் இவ்வுத்தியைச் சட்டவியலாளர் சட்டப் புனைவு என்பர். ஒரு புதிய நிலைமை தோன்றி, பழைய உரிமையொன்றும் முற்றாகக் கைவிடப்படாதவிடத்துச் சட்டங்கள் பெரும்பாலும் இவ்வழியை நாடுகின்றன. ஆகவே, இவ்விதியினுள்ளே ஒரு பழைய சட்டம் மறைந்து கிடக்கின்றதா என்று தேடுவது பொருத்தமாகும்.

3. விதியின் வரலாறு

சதுரங்கம் என்ற பெயரே நால்வகைப் படையைக் குறிப்பது. தேர், யானை, குதிரை, காலாள் என்ற பகுப்பு இந்தியப் படையமைப்புக்கு உரியது. இந்தியாவிலிருந்து பாரசீகத்துக்கும், அங்கிருந்து அரபு உலகுக்கும், பின்னர் ஐரோப்பாவுக்கும் ஆட்டம் பரவிற்று. சத்ரஞ்ச் எனப்பட்ட பாரசீக, அரபு ஆட்டத்திலே காலாள் ஒரு நகர்வில் ஒரு கட்டம் மாத்திரமே சென்றது. இரு கட்டப் பாய்ச்சல் இல்லாதவிடத்து ஆன் பாசானுக்குத் தேவையும் இருக்கவில்லை.

ஐரோப்பாவிலே இந்நிலை படிப்படியாக மாறிற்று. காஸ்தீல் மன்னன் பத்தாம் அல்போன்சோவின் ஆணைப்படி 1283இல் நிறைவுற்ற விளையாட்டு நூலிலே காலாளின் இரு கட்ட முதல் நகர்வு குறிப்பிடப்படுகின்றது. மெதுவாக நகர்ந்த ஆட்டத்தில் இரு படைகளும் விரைவில் மோதுவதற்கு இது வகைசெய்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அரசியும் மந்திரியும் நெடுந்தூரம் செல்லும் ஆற்றலைப் பெற்றன. ஆட்டத்தின் வேகம் முற்றிலும் மாறிற்று. ஸ்பானியப் பாதிரியாரான ருய் லோப்பஸ் 1561இல் வெளியிட்ட நூலிலே ஆன் பாசான் விதி கூறப்படுகின்றது.

இப்பின்னணியில் விதியின் உட்பொருள் துலங்கும். காலாளுக்கு இரு கட்டப் பாய்ச்சல் என்ற புதிய உரிமை வழங்கப்பட்டபோது, எதிரே முன்னேறி நின்ற காலாளின் பழைய உரிமையொன்று பறிபோயிற்று. ஒவ்வொரு கட்டமாக வரும் எதிரியை மறித்து வெட்டுதலே அவ்வுரிமை. முன்னேறியவன் தன் முன்னேற்றத்தின் காரணமாகவே நட்டமடைகின்ற முரண்பாடு இதனால் எழுந்தது. ஆன் பாசான் இம்முரண்பாட்டுக்குக் காணப்பட்ட தீர்வு. புதிய உரிமை நீக்கப்படவில்லை. பழைய உரிமையும் ஒரே ஒரு நகர்வுக்குள் மட்டுப்படுத்தப்பட்டுப் பேணப்பட்டது. பழைய சட்டம் புதிய சட்டத்தினுள் மறுக்கப்பட்டும் பேணப்பட்டும் இருக்கும் இந்நிலையை இயங்கியல் பயின்றோர் எளிதில் இனங்காண்பர்.

இத்தீர்வு தவிர்க்கவியலாத ஒன்றாகவும் இருக்கவில்லை. இத்தாலியிலே காலாள் வெட்டுண்ணாது கடந்துசெல்லும் உரிமை 'பாசார் பத்தாலியா' என்ற பெயரில் நெடுங்காலம் நிலவியது. 1880ஆம் ஆண்டிலேயே இத்தாலிய விதிகள் மாற்றப்பட்டு ஏனைய ஐரோப்பிய வழக்குடன் இசைவிக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகள் ஒரே கண்டத்தில் இருவேறு நியாயங்கள் நிலவின. இன்று 'சதுரங்க விதி' என்று நாம் இயல்பாகக் கொள்வது, மாற்றுவழிகளுள் ஒன்று ஏனையவற்றை வென்று நிலைபெற்றதன் விளைவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வொருமைப்பாடு வேகம் பெற்றமைக்குப் பொருளியற் காரணிகள் உள. 1824 முதல் 1828 வரை எடின்பரோவும் லண்டனும் கடிதமூலம் ஆடின. 1844ஆம் 1845ஆம் ஆண்டுகளிலே வாஷிங்டனுக்கும் பால்ட்டிமோருக்கும் இடையே தந்தி வழியாக ஆட்டங்கள் நடைபெற்றன. உலகப் பெருங்கண்காட்சி நடைபெற்ற 1851இல் லண்டனிலே முதலாவது சர்வதேசச் சுற்றுப்போட்டி கூடியது. ஒரே காப்பிக்கடையில் முகம் பார்த்து ஆடுவோர் தமக்குள் எவ்விதியையும் உடன்பட்டுக்கொள்ளலாம். தபாலும் தந்தியும் புகைவண்டியும் இணைத்த உலகிலே உள்ளூர் வழக்குகள் தடையாயின. நிறையும் அளவும் நேரமும் ஒருமைப்படுத்தப்பட்ட அதே நூற்றாண்டில் ஆட்ட விதிகளும் ஒருமைப்படுத்தப்பட்டமை தற்செயலன்று.

இவ்வொருமைப்பாட்டை எதிர்கொண்டோர் ஐரோப்பியர் மாத்திரமல்லர். பஞ்சாபைச் சேர்ந்த சுல்தான் கான் இந்திய முறையில் ஆட்டம் பயின்றவர். அம்முறையிலே காலாளின் இரு கட்டப் பாய்ச்சல் இல்லை. நிலவுடைமையாளரான உமர் ஹயாத் கானின் பணியாளராக இங்கிலாந்து சென்ற அவர், ஐரோப்பிய விதிகளின்படி ஆடி 1929, 1932, 1933ஆம் ஆண்டுகளிற் பிரித்தானிய வெற்றியாளரானார். ஆட்டம் பிறந்த மண்ணைச் சேர்ந்தவர், அதன் பிற்கால வடிவத்தை ஆளும் நாட்டிடமிருந்து கற்றுக்கொள்ள நேர்ந்தமை குடியேற்றவாதத்தின் பண்பாட்டு விளைவுகளுள் ஒன்று.

4. உருவகத்தின் கவர்ச்சியும் அபாயமும்

காலாளைப் பற்றி எழுதும் எவருக்கும், விசேடமாக முற்போக்கு நோக்குடையோருக்கு, ஒரு கவர்ச்சி ஏற்படுவது இயல்பு. காலாளைப் பாட்டாளியாகவும் அரசனைச் சுரண்டுவோனாகவும் எட்டாம் நிரையைப் புரட்சியாகவும் வருணித்துவிடலாம். சொற்களும் இதற்கு உடன்படுவன போலத் தோன்றும். ஜேர்மன் மொழியிலே காலாளுக்கு வழங்கும் 'பௌவர்' என்ற சொல் உழவனைக் குறிப்பது. ஸ்பானிய மொழியிலே 'பெயோன்' என்பது காலாட்படை வீரனையும் நாட்கூலியையும் சுட்டும். அதனோடு உறவுடைய போர்த்துக்கேயச் சொல்லே நமது கந்தோர்களிற் கடைநிலை ஊழியரைக் குறித்த 'பியோன்' என்ற சொல்லாக வந்து சேர்ந்தது. சதுரங்கக் காலாளும் கந்தோர்ப் பியோனும் ஒரே சொற்குடும்பத்தினர்.

சொற்களின் இவ்வரலாறு மெய்யானது. சமூகப் படிநிலை மொழியிற் பதிந்த விதத்தை அது காட்டுகின்றது. ஆனால் அதிலிருந்து ஆட்ட விதியை விளக்கிவிட முடியாது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த இத்தாலியத் துறவி யாக்கோபஸ் டி செசோலிஸ், சதுரங்கத்தைச் சமூகத்தின் உருவகமாகக் கொண்டு இலத்தீனில் ஓர் அறநூல் இயற்றினார். எட்டுக் காலாட்களுக்கும் உழவன், கொல்லன், வணிகன், வைத்தியன், விடுதிக்காரன் என்றவாறு தொழில்களை வகுத்தார். ஒவ்வொருவனும் தனக்குரிய இடத்திலிருந்து தன் கடமையைச் செய்வதே சமூக ஒழுங்கு என்பது அதன் படிப்பினை. நிலமானிய ஒழுங்கை நியாயப்படுத்த அவர் கையாண்ட அதே முறையைத் தலைகீழாக்கிப் புரட்சியைப் போதிக்க நாம் கையாள்வோமாயின், முறையியல் அளவில் நாம் அத்துறவியைத் தாண்டிச் சென்றவராகோம். உருவகம் ஆய்வுக்குப் பதிலீடாகாது.

பிலிடோர் பற்றிய வாசிப்புகளுக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். இசையமைப்பாளரும் ஆட்ட மேதையுமான அவர் 1749இல் வெளியிட்ட நூல், காலாட்களின் அமைப்பே ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கின்றது என்பதை விதந்துரைத்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு நாற்பது ஆண்டுகளின் முன்னர் இது எழுதப்பட்டது என்பதைக் கொண்டு காரணகாரியத் தொடர்பு கற்பித்தல் எளிது, நிறுவுதல் அரிது.

5. நகர்வை எழுதுதல்

ஆட்டம் நிகழ்ந்து மறைவது. குறியீடு அதனை ஆவணமாக்குவது. பிலிடோர் நகர்வுகளைச் சொற்றொடர்களாகவே எழுதினார். அவருக்கு முன்னரே, சிரியாவின் அலெப்போ நகரைச் சேர்ந்த பிலிப் ஸ்தம்மா 1737இற் பாரிசில் வெளியிட்ட நூலில், கட்டங்களை எழுத்தாலும் எண்ணாலும் சுட்டும் முறையைக் கையாண்டிருந்தார். இதுவே அட்சரகணிதக் குறியீடு எனப்படுவதன் ஆரம்ப வடிவம். எனினும் 1747இல் ஸ்தம்மாவை ஆட்டத்தில் வென்ற பிலிடோரின் புகழே ஓங்கியது. இங்கிலாந்து, ஸ்பெயின் முதலிய நாடுகளிலே சொற்றொடர்களின் சுருக்கமாக வளர்ந்த விவரணக் குறியீடு நிலைபெற்றது.

இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. விவரணக் குறியீட்டில் நிரல்கள் அரசன், அரசி முதலான காய்களின் பெயராற் சுட்டப்படும். நிரைகளை ஒவ்வொருவரும் தம் பக்கத்திலிருந்து எண்ணுவர். ஆகவே 'அரசனின் நான்காம் கட்டம்' என்பது வெள்ளைக்கு ஈ4, கறுப்புக்கு ஈ5. ஒரு பெயர் இரு கட்டங்களைக் குறிக்கும். எதனைக் குறிக்கின்றது என்பது யார் கூறுகின்றார் என்பதைப் பொறுத்தது. அட்சரகணிதக் குறியீட்டிலோ ஒரு கட்டத்துக்கு ஒரு பெயரே உண்டு.

இதனை அரசவைக் குறியீட்டின் மீது மக்கட் குறியீடு பெற்ற வெற்றி என்று வருணிக்கும் ஆசையையும் நாம் அடக்கிக்கொள்ளல் வேண்டும். அட்சரகணித முறையை ஜேர்மனியில் வேரூன்றச் செய்தது 1843இற் பேர்லினில் வெளிவந்த பில்கரின் கைந்நூல். பில்கர் அகாலத்தில் மறையவே அதனை நிறைவு செய்தவர், பிரஷ்ய இராஜதந்திரியும் பிரபுக் குடும்பத்தவருமான ஃபொன் டெர் லாசா. முடியாட்சியின் சேவகரே அரசனின் பெயரைக் கட்டங்களிலிருந்து நீக்கினார். முறையின் வெற்றிக்குக் காரணம் அதன் தெளிவும் மொழிகடந்து வழங்கும் வசதியுமே. 1924இற் பாரிசில் நிறுவப்பட்ட சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம், 1981 முதல் விவரணக் குறியீட்டை ஏற்பதைக் கைவிட்டது. 

குறியீட்டின் நடைமுறை வருமாறு: காய்க்குரிய எழுத்தும் அது சென்றடையும் கட்டமும் எழுதப்படும். வெட்டு நிகழின் பெருக்கற் குறி இடப்படும். காய்களின் எழுத்துகள் மொழிக்கு மொழி வேறுபடலாம். ஆங்கிலத்தில் அரசனும் குதிரையும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் குதிரைக்கு வேறெழுத்துக் கொள்ளப்பட்டது. தமிழில் அரசனும் அரசியும் அத்தகைய சிக்கலை உண்டாக்குவன. 1966இற் பெல்கிரேட்டில் தொடங்கப்பட்ட 'இன்ஃபோமேட்டர்' தொகுப்புகள் எழுத்துகளுக்குப் பதிலாகக் காய்களின் உருவங்களைப் பயன்படுத்தி இச்சிக்கலைக் கடந்தன.

காலாளுக்கு மாத்திரம் எழுத்தில்லை. 'ஈ4' என்றால் காலாள் ஈ4க்குச் சென்றது என்பதே பொருள். பெயரின்மையே அதன் பெயர். வெட்டும்பொழுது அது புறப்பட்ட நிரல் முன்னே எழுதப்படும். மேலே கூறிய ஆன் பாசான் வெட்டு 'ஈ×டி6' என எழுதப்படும். விரும்பின் ஆன் பாசான் என்பதன் சுருக்கத்தைப் பின்னே சேர்த்துக்கொள்ளலாம். டி6இலே எக்காயும் நிற்கவில்லை. ஆயினும் குறியீடு அங்கேயே வெட்டு நிகழ்ந்ததாகக் கூறும். விதியிலுள்ள 'போல' என்னும் புனைவைக் குறியீடு ஒளிவுமறைவின்றிப் பதிவுசெய்கின்றது. இதே வெட்டை விவரணக் குறியீடு 'காலாள் காலாளை வெட்டுகின்றது' என எழுதும். யார் யாரை வெட்டினார் என்பதை அது கூறும். எவ்விடத்தில் என்பதைக் கூறாது.

6. ஒரே தோற்றம், இரு நிலைகள்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பின்வரும் இரு ஆட்டங்களை நோக்குக. ஒவ்வோர் எண்ணின் பின்னரும் முதலில் வெள்ளையின் நகர்வும் அடுத்துக் கறுப்பின் நகர்வும் தரப்பட்டுள்ளன.

முதலாம் ஆட்டம்: 1. ஈ4 ஈ6 2. ஈ5 டி5.

இரண்டாம் ஆட்டம்: 1. ஈ3 ஈ6 2. ஈ4 டி6 3. ஈ5 டி5.

இரண்டின் முடிவிலும் பலகை ஒன்றே. வெள்ளைக் காலாள் ஈ5இலும், கறுப்புக் காலாட்கள் ஈ6, டி5 ஆகியவற்றிலும் நிற்கின்றன. ஏனைய காய்கள் தத்தம் இடத்தில் உள்ளன. நகர வேண்டியது வெள்ளை. ஆனால் முதலாம் ஆட்டத்தில் வெள்ளை 'ஈ×டி6' என வெட்டலாம்; இரண்டாம் ஆட்டத்தில் வெட்ட முடியாது. முன்னதிலே கறுப்புக் காலாள் டி7இலிருந்து பாய்ந்து வந்தது. பின்னதிலே டி6இலிருந்து ஒரு கட்டம் நகர்ந்து வந்தது. ஒன்றில் இயலும் நகர்வு மற்றொன்றில் இயலாததாயின், அவை இரண்டும் ஒரே நிலை ஆகா.

மண்டபத்துள் அப்பொழுதுதான் நுழைந்து பலகையைப் பார்ப்பவர் இவ்வேறுபாட்டை அறியார். ஆட்டத்தைக் கண்டவர் அறிவார். அல்லது நகர்வுத் தாளை வாசித்தவர் அறிவார். சசூர் இல்லையெனக் கொண்ட அனுகூலம் இதுவே. அரசனும் கோட்டையும் ஒருங்கே நகரும் கோட்டை கட்டுதலும் இத்தகையதே. அவை முன்னர் நகர்ந்தனவா என்பதைப் பொறுத்தே அவ்வுரிமை அமைகின்றது. ஒரே நிலை மும்முறை தோன்றினால் ஆட்டத்தைச் சமநிலையெனக் கோரலாம் என்ற விதியும் இதனை ஏற்றுக்கொள்கின்றது. முதலாம் ஆட்டத்தில் வெள்ளை வெட்டாது தன் குதிரையொன்றை வெளியே எடுக்க, கறுப்பும் அவ்வாறே செய்ய, அடுத்த நகர்வில் இரு குதிரைகளும் தத்தம் இடம் மீண்டால் பலகை முன்போலவே தோன்றும். வெட்டும் உரிமை அற்றுப்போனமையால் அதனை விதி அதே நிலையாகக் கொள்வதில்லை.

சசூருக்கு நாம் நியாயம் செய்தல் வேண்டும். தமது உவமை ஓரிடத்தில் நலிவுடையது என்பதை அவரே கூறியுள்ளார். சதுரங்கத்தில் ஆடுபவர் திட்டமிட்டு மாற்றத்தை உண்டாக்குகின்றார். மொழியில் அவ்வாறு திட்டமிடுவோர் எவருமிலர் என்பது அவர் சுட்டிய வேறுபாடு. நாம் சுட்டுவது பிறிதொன்று.

அமைப்பியலாளர் ஒரு மறுமொழி கூறக்கூடும். வெட்டும் உரிமையையும் நிலையின் ஒரு கூறாகச் சேர்த்துக்கொண்டால் இடர்ப்பாடு நீங்குமல்லவா என்பர். நடைமுறையில் இவ்வாறே செய்யப்படுகின்றது. ஸ்கொட்லாந்துப் பத்திரிகையாளர் டேவிட் ஃபோர்சைத் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வகுத்த நிலைக் குறியீடு, பின்னர் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் என்பவராற் கணினிக்கென விரிவாக்கப்பட்டது. அதன் இன்றைய வடிவத்தில் ஆறு பகுதிகள் உள: காய்களின் இருப்பு, நகர வேண்டியவர், கோட்டை கட்டும் உரிமைகள், ஆன் பாசான் கட்டம், வெட்டோ காலாள் நகர்வோ இன்றிக் கழிந்த நகர்வுகளின் கணக்கு, நகர்வெண் என்பன அவை. இவ்வாறனுள் பலகையைப் பார்த்துக் கண்டுகொள்ளத்தக்கது முதலாவது மாத்திரமே. எஞ்சிய ஐந்தும் நடந்து முடிந்தவற்றின் சுருக்கம். வரலாற்றை நிலையின் கூறாக எழுதிக்கொள்ளலாம் என்பது, வரலாறு வேண்டாம் என்பதற்குச் சான்றாகாது. நிலையினின்றும் அதனை நீக்கவியலாது என்பதற்கே சான்றாகும்.

7. விமர்சனத்துக்கு ஒரு படிப்பினை

இலக்கியத்திலும் ஒரே தோற்றம் வெவ்வேறு நிலைகளைக் குறிப்பதுண்டு. சிந்து, கண்ணி முதலிய யாப்பு வடிவங்கள் நாட்டார் வழக்கிலும் பக்திப் பாடல்களிலும் பயின்று வந்தவை. பாரதி அவற்றைத் தேசிய எழுச்சியின் குரலாகக் கையாண்டபோது சீரும் சந்தமும் பெரிதும் முன்போலவே இருந்தன. யாப்பமைப்பை மாத்திரம் அட்டவணைப்படுத்துபவருக்குப் பலகை மாறவில்லை. ஆனால் சுதேசிய இயக்கம் என்ற நகர்வு அப்பொழுதுதான் நிகழ்ந்திருந்தது. அந்நகர்வே அவ்வடிவத்துக்கு அதற்கு முன் இல்லாத ஆற்றலை வழங்கிற்று. அதனை அறியாதவர் பாடலின் ஓசையைக் கேட்பர். அது செய்யும் காரியத்தை அறியார்.

எனினும் நம்மவருக்கும் இவ்விதி ஒரு கட்டுப்பாட்டை விதிக்கின்றது. ஆன் பாசான் உரிமைக்கு முழு ஆட்டத்தின் வரலாறும் வேண்டுவதில்லை. வேண்டுவது கடைசி நகர்வு. அதுவும் குறித்த வகையானதொரு நகர்வு. படைப்பைப் பற்றி ஒரு பக்கமும் அதன் 'சமூகப் பின்னணி' பற்றிப் பத்துப் பக்கமும் எழுதி, இரண்டையும் இணைக்காது விட்டுவிடும் கட்டுரைகள் முற்போக்கு விமர்சனத்தின் பெயரில் வெளிவந்துள்ளன. ஆட்சியாளரின் பட்டியலும் உற்பத்தி முறையின் பொது வரைபும் தாமாகவே விளக்கமாகிவிடா. எந்த வரலாற்று நிகழ்வு, எந்த வடிவக்கூறினூடாக, எத்தருணத்தில் செயற்படுகின்றது என்பதைச் சுட்டிக்காட்டும்பொழுதே வரலாற்றுநெறி விமர்சனம் தன் பெயருக்குத் தகுதி பெறும்.

வடிவத்தை மாத்திரம் நோக்குவோருக்குப் பலகை முழுமையன்று என்பதையும், வரலாற்றை மாத்திரம் பேசுவோருக்குக் கடந்தகாலம் யாவும் ஒருங்கே உயிர்ப்புடையதன்று என்பதையும் ஒரு காலாளின் நகர்வு உணர்த்துகின்றது. நகர்வுகள் எழுதப்படாதுபோயின் மேற்கூறிய இரு ஆட்டங்களையும் பின்வருவோர் வேறுபடுத்தி அறிய வழியில்லை. நூல்களின் பதிப்பாண்டுகளையும் பாட வேறுபாடுகளையும் பத்திரிகைகளின் முதல் இதழ்களையும் தேடித் தொகுத்துப் பேணும் பணி சிலரால் வெறும் தகவல் சேகரிப்பு என இகழப்படுவதுண்டு. நகர்வுத் தாள் இன்றி நிலையை மதிப்பிட முடியாது என்பதை உணர்வோர் அப்பணியை விமர்சனத்தின் முதற்படியாகவே கொள்வர்.